சைவப் பூனை மார்க்கண்டேயன்

துளசிவனம் அடுக்ககத்தில் குடியேற வேண்டுமானால் தன் குடும்பம் முழுச் சைவம் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வீடு வாங்கியவர், வாடகைக்கு வந்தவர், வேலைக்குச் சேர்ந்தவர், மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளி, யாருக்கும் விலக்கில்லை. அதனால் பூனை ஒன்றை வரவழைப்பது என்று சங்கம் முடிவு செய்தபோது, பூனையும் கையெழுத்துப் போடட்டும் என்றார் செயலாளர் தாயுமானவன்.

போட்டது. அதன் முன்னங்காலை மையில் ஒற்றிப் பத்திரத்தில் அழுத்தியவர் மேனேஜர் மாசிலாமணி. பூனை அவரைக் கடிக்கவில்லை, பிறாண்டவில்லை. அவர் விரல்களை முகர்ந்துவிட்டு ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தது. மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. அன்று காலை கோவளத்தில் தன் வீட்டில் சுறாப்புட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்.

"பாசமான ஜீவன்" என்றார் தாயுமானவன். சபை கைதட்டியது.

நாவலூரில் நான்கு பிளாக், பதினெட்டு மாடி என்று நின்றது துளசிவனம். பால்கனிக்கு இருபது புறா. ஏசி பெட்டி மேல் கூடு, துணிக்கொடி முழுக்க எச்சம். வலை கட்டினார்கள்; வலைக்குள்ளேயே வந்து முட்டையிட்டன. கொல்லலாம் என்றால் ஜீவகாருண்யம் சங்க விதிகளில் மூன்றாவதாக இருந்தது. சாதாரணப் பூனையை விட்டால் அது புறாவைத் தின்றுதொலைக்கும். இப்படித் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சாத்விகா உயிரியல் நிறுவனத்திலிருந்து டாக்டர் ஹரிப்ரியா ஒரு கூண்டோடு வந்து இறங்கினாள்.

கூண்டுக்குள் புள்ளி போட்ட சின்ன உடம்பு. உடம்பளவு நீளத்துக்கு வால். முகத்தில் பாதி கண்.

"இது எந்த ஊர்ப் பூனை?" என்று விசாரித்தார் தாயுமானவன். அவருக்கு எதிலும் பூர்வீகம் முக்கியம்.

"தென்னமெரிக்கா சார். மெக்சிகோவிலேர்ந்து பிரேசில் வரைக்கும் காட்டுல இருக்கு. மார்கேன்னு பேர்."

"மார்க்கா?"

"மார்கே."

"மார்க்கண்டேயன்னு வச்சுருவோம். வாயில நல்லா நுழையும்."

பெயர் சூட்டியானதும் டாக்டர் விளக்கினாள். "பூனைக்கு டாரின்னு ஒரு சத்து இல்லாம ஆகாது சார். அது கறி, மீன்லதான் கிடைக்கும். கிடைக்கலைன்னா கண்ணு போயிடும், இதயம் கெட்டுடும். எங்க பூனை அந்தச் சத்தைத் தன் உடம்புலயே தயாரிச்சுக்கும். மரபணுவுல அவ்வளவுதான் மாத்தினோம். தயிர்சாதம் போட்டாப் போதும்."

"நம்ம ஊர்ப் பூனையில செய்யப்படாதா?"

"நம்ம ஊர்ப் பூனை ஏறும், இறங்கத் தெரியாம உச்சியில நின்னு கத்தும். இது அணில் மாதிரி தலைகீழா இறங்கும். பின்னங்கால் பாதம் அப்படியே பின்பக்கமா திரும்பும். ஒத்தைக் காலால தொங்கும். உங்க பதினெட்டு மாடியும் இதுக்கு ஒரு மரம், அவ்வளவுதான்."

"புறாவைக் கண்டா?"

"துரத்தும். தின்னாது. தேவையே இல்லையே."

"ஆசை?" என்றார் மாசிலாமணி.

கூட்டங்களில் அவர் வாய் திறப்பது மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் சிரித்தாள்.

"ஆசைக்கு எந்த மரபணுன்னு இன்னும் கண்டுபிடிக்கலை சார்."

சிரிப்பொலியில் அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் ஏறாமலே போனது.

ஒரே மாதத்தில் புறாக்கள் எதிரேயிருந்த அசைவ அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்தன. மார்க்கண்டேயன் குழாய்களைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் ஓடியது. பால்கனிக் கம்பியில் ஒற்றைக் காலால் தொங்கியபடி, தலைகீழாக, உள்ளே தொலைக்காட்சி பார்ப்பவர்களைப் பார்த்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். "அமெரிக்கக் காட்டு மிருகமே சைவத்துக்கு வந்துட்டு. மனுசனுக்கு என்ன கேடு?" என்று தாயுமானவன் பேட்டி கொடுத்தார். அதைச் சட்டம்போட்டு நுழைவாயிலில் மாட்டினார்கள்.

ஒருநாள் மத்தியானம் B பிளாக்கில் புறாக்குஞ்சு கத்தியது. மீதமிருந்த ஒரே தாய்ப்புறா பதறியடித்துப் பறந்து வந்தது. அங்கே குஞ்சு இல்லை. ஏசி பெட்டிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள்தான் இருந்தன. புறா உயிர் தப்பியதே பெரிய காரியம். மாசிலாமணி டாக்டருக்குப் போன் போட்டார்.

"அது பிறவிக்குணம் சார்" என்றாள் அவள். "அங்க காட்டுல குட்டிக் குரங்கு மாதிரி குரல் கொடுக்குமாம். நம்ம பிள்ளைதான் கூப்பிடுதுன்னு தாய்க்குரங்கு ஓடிவரும்."

"ஓடி வந்தா?"

"அது அங்க. இங்கதான் தயிர்சாதம் ஆச்சே. கேட்ட குரலைப் பிடிச்சுக்கும், ஆனா ஒண்ணு ரெண்டு எழுத்துக்கு மேல அதுக்கு வராது சார், பயப்படாதீங்க."

அதன் பிறகுதான் அந்த விநோதம் தொடங்கியது. காலையில் வைத்த தயிர்சாதம் சாயங்காலமும் அப்படியே இருந்தது. பூனை இளைக்கவில்லை. மாறாக, அதன் ரோமம் எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. மாசிலாமணி பிறந்ததிலிருந்து பார்க்கும் மினுமினுப்பு அது. கோவளக் கடற்கரைப் பூனைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பின்னாலேயே வாடை கிளம்பியது.

B பிளாக் படிக்கட்டில் பகல் பதினோரு மணிக்கு வரும், பன்னிரண்டுக்குப் போய்விடும். முதல் புகார் எட்டாம் மாடியிலிருந்து வந்தது. தாயுமானவன் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு மாசிலாமணியை அழைத்துப் போனார்.

"என்ன நாத்தம் வே இது? உமக்கு ஏதாச்சும் புரியுதா?"

காரப்பொடி மீன். உப்பு, புளி, மிளகாய் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்தது. மாசிலாமணிக்கு அது முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. மனிதன் தின்பதற்கு யாரும் மீனை அப்படிச் சமைக்கமாட்டார்கள்.

"சாக்கடை அடைப்பா இருக்கும் சார்" என்றார்.

"சாக்கடை இல்ல வே. இது மாமிசம். ஒன்பதாம் மாடி வாடகைக்காரியப் போய்ப் பாரும்."

ஒன்பதாம் மாடியில் ரூபாவதி இருந்தாள். தருமபுரிப் பக்கத்துப் பெண், பிசியோதெரபிஸ்ட், தனியாள். பதினோராம் மாடியில் குடியிருந்த தாயுமானவனின் மனைவி சிவகாமசுந்தரிக்கு வாரம் இரண்டு முறை முழங்காலுக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவள்தான். அவள்மேல் ஏன் சந்தேகம் என்று மாசிலாமணி கேட்கவில்லை. கேட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. அந்தப் பக்கம், அந்தப் பெயர், அந்த நிறம் என்று சொல்லாமலே விளங்கிக்கொள்ள வேண்டிய சங்கதி அது.

கமிட்டியில் இரண்டு பேர் வாசலில் நிற்க, மாசிலாமணி உள்ளே போனார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். பாத்திரங்களைத் திறந்தார். குப்பைக்கூடையைக் கிளறினார். கீரைத்தண்டும் பூசணித் தோலும் இருந்தன.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்டுல முட்டைகூடக் கிடையாது" என்றாள் ரூபாவதி. "வள்ளலார் வழி. இதைச் சொன்னா நம்புவாங்களா சார்?"

"நான் நம்பறேன்மா."

"நம்பிட்டுத்தான் குப்பையைக் கிளறுறீங்களா?"

மாசிலாமணி குப்பைக்கூடையை மூடினார். கை கழுவக் குழாயைத் திறந்தார். அவள் சோப்பை எடுத்து நீட்டினாள். அது அவரை அடிப்பதைவிட மோசமாக இருந்தது.

ஒன்றும் கிடைக்காததே பெரிய தடயமாகிவிட்டது. "அவ்வளவு கெட்டிக்காரத்தனமா மறைக்கிறா" என்றது கமிட்டி. முப்பது நாளில் காலி செய்யச் சொல்லும் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்துக்கு வருவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டியவரும் மாசிலாமணிதான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். வாடை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒன்பதைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது. பதினொன்றில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ம்மா..."

இளம்பெண்ணின் குரல். கடைசியில் லேசாக உடைந்து கொஞ்சியது. அழைப்புமணியை அழுத்தினார். வெகுநேரம் கழித்து, முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, கதவைத் திறந்தாள் சிவகாமசுந்தரி.

"தம்பியா? அவுக பேங்குக்குப் போயிருக்காகளே."

"தெரியும்மா. அதனாலதான் வந்தேன்."

அவள் வழிவிட்டாள். அடுப்பில் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் காரப்பொடி கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, குழாயில் ஒற்றைக் காலால் தொங்கியபடி, மார்க்கண்டேயன் அவளையே பார்த்தது. வாயைத் திறந்தது.

"ம்மா..."

மாசிலாமணி ஓரடி பின்வாங்கினார்.

"எம்மக உமையாள் குரலு" என்றாள் சிவகாமசுந்தரி. "ஆறு வருசம் ஆச்சு அவ போயி. மீன் திங்கிற வீட்டுல வாழ்க்கைப்பட்டுட்டா. இவுக வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னுட்டாக. போன்ல பேசி அனுப்புவா. ஒவ்வொண்ணும் 'ம்மா'ன்னுதான் ஆரம்பிக்கும். அவுக இல்லாத நேரமா பால்கனியில நின்னு கேப்பேன், திரும்பத் திரும்பக் கேப்பேன். இது எங்கிட்டு நின்னு படிச்சுதோ."

வெளிநாட்டில் எங்கோ இருக்கிற பெண் போலும் என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

"அது பூனைம்மா."

"எனக்குத் தெரியாதா தம்பி? கண்ணு பூனைன்னு சொல்லுது. காது கேக்க மாட்டேங்குதே. அந்தக் குரல்ல பசிச்சுக் கூப்பிட்டா நான் தயிர்சாதத்தையா காட்டுவேன்? மொத நாள் பால் வச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிடுச்சு. கோயிலுக்குப் போற வழியில மீன் விக்கிற அம்மாட்ட கேட்டேன். பூனைக்குன்னா காரப்பொடி வாங்கிட்டுப் போன்னா. பூக்குடலையில வச்சு, மேல சாமந்தியப் பரப்பிக் கொண்டாருதேன்."

மாசிலாமணி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் அவரை மீறி வாயில் வந்துவிட்டது: "என்னாம்மா இது, குடலைக்கூட எடுக்கலை?"

"எடுக்கணுமா?"

மேடைமேல் தாளில் இன்னும் ஒரு கை மீன் இருந்தது. மாசிலாமணி சட்டைக் கையை மடக்கினார். சங்கச் செயலாளர் வீட்டுச் சமையலறையில், சுவரில் தொங்கிய நடராஜர் நாள்காட்டிக்குக் கீழே, கோவளத்து மீனவர் மகன் காரப்பொடியைக் கட்டைவிரலால் பிதுக்கிக் குடலெடுத்துக் காட்டினார். சிவகாமசுந்தரி மூக்கைப் பொத்திக்கொண்டு கவனமாகப் பார்த்தாள். பதினோரு வருடமாக அவர் மறைத்து வைத்திருந்தது முழுவதும் பத்து நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

போகும்போது அவர் சொன்னார்: "அம்மா, அந்தப் பொண்ணு ரூபாவதி. உங்க முழங்காலைப் பிடிச்சுவிடுதே. ஞாயித்துக்கிழமை அதை வெளியே அனுப்பப் போறாங்க."

சிவகாமசுந்தரி அடுப்பை அணைத்தாள். "நானே கூட்டத்துல சொல்லுதேன் தம்பி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றம் நிரம்பிவிட்டது. சிவகாமசுந்தரி முதல் வரிசையில், முழங்காலில் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் ரூபாவதி. அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. தாயுமானவன் தீர்மானத்தைப் படித்தார். "யாருக்கும் ஆட்சேபனை உண்டா?"

சிவகாமசுந்தரி நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்தாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

மாசிலாமணி மைக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். அது வேலை செய்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டினார். செய்தது.

"நான்தான் சார். பூனைக்கு மீன் போட்டது நான்தான். வீட்டுலேர்ந்து டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டு வருவேன். படிக்கட்டுல வச்சுப் போடுவேன். எனக்குக் கோவளம். நாங்க மீன்காரங்க."

ஒரு பெண்மணி அலறினாள்: "ஐயோ, எங்க பூஜையறை பல்பை இவர்தானே மாத்துனாரு!" அதற்கப்புறம் ஆளாளுக்கு நினைவு வந்தது. தண்ணீர்த் தொட்டியைத் திறந்தவர் இவர், கொலுப்படி பூட்டியவர் இவர், பொங்கலன்று கரும்பு கொடுத்தவர் இவர். ஒருத்தர் பின் வாசல் வழியாக வெளியே போய்க் கைகழுவிவிட்டு வந்தார். பொங்கல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தாயுமானவன் மட்டும் கத்தவில்லை. மாசிலாமணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் திருப்பி, தணிந்த குரலில், மேனேஜரை நீக்குவதாகவும் ரூபாவதி மீதான தீர்மானம் கைவிடப்படுவதாகவும் அறிவித்தார். உறுதிமொழியை மீறிய பூனையை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புவது என்றும் முடிவாயிற்று. அடுத்த பூனைக்குக் குரலே இல்லாமல் செய்து தருவதாக நிறுவனம் வருத்தத்தோடு எழுதியது.

சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ரூபாவதி நின்றிருந்தாள்.

"நீங்க படிக்கட்டுல வச்சுப் போடலைன்னு எனக்குத் தெரியும் சார். ஒன்பதாம் மாடியில இருக்கறவளுக்கு எது மேலேருந்து வருது, எது கீழேருந்து வருதுன்னு தெரியாதா?"

"அப்ப ஏம்மா சொல்லலை?"

"நான் சொன்னா யார் நம்புவா?" சற்று நிறுத்தி, "குத்தம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. தப்புப் பண்ணிட்டோம்னு ஒருத்தரும் சொல்லலை. நீங்களும்தான்" என்றாள்.

"தப்புத்தான்மா. உன் வீட்டுக் குப்பையில நான் கை வச்சிருக்கக் கூடாது."

அவள் தலையசைத்தாள். அந்த மாதக் கடைசியில், யாரும் சொல்லாமலே, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

மாசிலாமணி கோவளத்தில் மச்சானுடைய மீன்கடையில் உட்கார்ந்தார். மீன் வாடை போக இரண்டு முறை சோப்புப் போட்டுக் கைகழுவும் வழக்கம் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில், கடைக்கு எதிரே ஒரு கார் வந்து நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, தாயுமானவன் இறங்கினார். பின் இருக்கையில் சிவகாமசுந்தரி இருந்தாள்.

"வாங்க சார்" என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் மாசிலாமணி. தாயுமானவன் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீரு பொய்தான் சொன்னீருன்னு எனக்குத் தெரியும் வே."

"அம்மா சொன்னாங்களா?"

"அவ அப்புறம்தான் சொன்னா. எனக்கு முன்னாடியே தெரியும். சங்க ஆபீஸ் ஜன்னல்ல வந்து என்னையும் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. 'ப்பா'ன்னு." அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவ எனக்கும் அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தா. கதவச் சாத்திட்டுக் கேப்பேன். டீக்கடையில அவிச்ச முட்டை வாங்கி, மினிட்ஸ் நோட்டு வைக்கிற பெட்டிக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்து போடுவேன். மீன் வாடை எங்கிருந்து வருதுன்னு எம்மூக்குக்குத் தெரியாதா? எங்க வீட்டுக் கதவத் தட்டப் பயந்துதான் அந்தப் புள்ள வீட்டுக் கதவத் தட்டச் சொன்னேன்."

மாசிலாமணி மீன்கள்மேல் தண்ணீர் தெளித்தார்.

"பூனையை அழிச்சிருவோம்னு கம்பெனியில சொன்னாங்க. மனசு கேக்கல. கூட்டியாந்துட்டேன். வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம், சங்கத்துக்குத் தெரியாம."

"நீங்கதானே சார் செயலாளர்?"

"ஆமா. அதனாலதான் யாரும் சோதனைக்கு வரமாட்டாங்க." அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. "இப்ப வேற தொல்லை. ரெண்டு மாசமா அது கூப்பிட மாட்டேங்குது. ஒரு சத்தம் இல்ல. திங்குது, தூங்குது. மறுபடி கூப்பிட வைக்க என்ன செய்யணும்? உமக்குத் தெரியும்னு இவ சொன்னா."

"வேளாவேளைக்கு வயிறாரப் போடறீங்களா?"

"போடுதோம்."

"அப்புறம் ஏன் சார் கூப்பிடும்? வரவைக்கறதுக்குத்தான் அந்தக் குரல். நீங்கதான் வந்துட்டீங்களே. பட்டினி போட்டாக் கூப்பிடும்."

"அது மட்டும் நடக்காது" என்றாள் சிவகாமசுந்தரி காருக்குள்ளிருந்து.

தாயுமானவன் தலைகுனிந்து நின்றார்.

"பொண்ணு இன்னும் குரல் அனுப்புதா சார்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"நிறுத்திட்டா. ஆறு வருசம் அனுப்பினா. நாங்க ஒண்ணுக்கும் பதில் போடல."

"எந்த நாட்டுல சார் இருக்காங்க?"

தாயுமானவன் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பல்லாவரம்."

மாசிலாமணி அவரை ஏறிட்டுப் பார்த்தார். இங்கிருந்து பல்லாவரம் போக, நெரிசல் இருந்தால்கூட, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அவர் காரப்பொடிக் கூடையைத் தள்ளி வைத்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து அன்று காலை வந்த வஞ்சிரத்தில் நல்லதாக ஒன்றை எடுத்தார். துண்டு போட்டு, இரண்டு பைக்குள் ஐஸோடு கட்டி, தாயுமானவன் கையில் கொடுத்தார்.

"பூனைக்கு இவ்வளவு பெரிய மீனா?"

"இது பூனைக்கு இல்ல சார்."

"எங்களுக்கு இதெல்லாம்..."

"உங்களுக்கும் இல்ல."

தாயுமானவன் பையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடியே போய்க் காரில் ஏறினார். வைக்க வேறு இடம் இல்லாமல் மடிமேலேயே வைத்துக்கொண்டார். ஐஸ் தண்ணீர் கசிந்து வெள்ளை வேட்டியை நனைத்தது.

"நாவலூர்தானே சார்?" என்று கேட்டார் டிரைவர்.

தாயுமானவன் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பவா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடியில் பார்த்தார்.

"பல்லாவரத்துக்கு விடுப்பா" என்றாள் சிவகாமசுந்தரி. "ஐஸ் உருகறதுக்குள்ள போகணும்."